கேட்டுக்கு அந்தப் பக்கம் கடல்

என் வீட்டுக்காரர் புது பனியனைக்கூட ட்ரையல் பார்க்காமல் போடமாட்டார். வாங்கி வந்ததும் துவைத்துக் காயவைத்து, அரை நாள் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு கையைத் தூக்கி இறக்கி, குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் அதை வெளியே அழைத்துப் போவார். மிக்ஸி வாங்கியபோது மூன்று ஜாரிலும் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தார். சட்னி அரைக்க எனக்கு மறுநாள்தான் அனுமதி கிடைத்தது. என்னை மட்டும்தான் ட்ரையல் பார்க்காமல் கட்டிக்கொண்டாராம். அதை அவ்வப்போது சொல்லிக்காட்டவும் செய்வார்.

அவர் தொழில் அப்படி. ஓசூர் சிப்காட்டில் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். அங்கே புது மெஷின் எதையும் நேராக லைனில் ஏற்றிவிடமாட்டார்கள். சில நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். தினமும் காலையில் முதலில் வரும் ஒரே ஒரு பீஸை எடுத்து, திருப்பித் திருப்பி அளந்து, பொறுப்பானவர் ‘ஓகே’ சொன்ன பிறகுதான் மீதியை ஓட்டுவார்கள். அவர்தான் அந்தப் பொறுப்பானவர். ஒரு ஷிப்ட் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கும். வீட்டில் அவர் வாயை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் நான் வீட்டில் இருப்பதே இல்லை.

நான் நர்ஸ். அதே ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு, நடுவில் யாராவது லீவு போட்டால் இரண்டும் எனக்கே. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் படியேறும்போது அவர் படியிறங்குவார். “பால் காய்ச்சிட்டன்”, “கேஸ் புக் பண்ணியாச்சு” என்று ஷிப்ட் மாற்றிக்கொள்கிற மாதிரி படிக்கட்டிலேயே குடும்பம் நடத்தினோம். நான் கடைசியாகச் சூடான சோறு தின்றது யாரோ ஒருவர் கல்யாணத்தில்.

அதனால்தான் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான பரீட்சை எழுதினேன். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. காலையில் போனால் சாயந்திரம் நான்கு மணிக்கு வீடு. இரவு டியூட்டி கிடையாது. நோயாளியின் மச்சான் வந்து சட்டையைப் பிடிக்கமாட்டான். லாரிப் புழுதியும் கிரஷர் தூசியும் இல்லாத காற்று. சம்பளம்கூட எனக்கு இரண்டாம்பட்சம்தான். ராத்திரியானால் தூங்கவேண்டும், என் வீட்டில் இருக்கும் ஆளை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இவ்வளவுதான் என் ஆசை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வாயில் இருந்த களியை விழுங்கிவிட்டு, “ஒரு ட்ரையல் எடுத்துப் பாத்துரலாம்” என்றார்.

அவர் கம்பெனியில் ட்ரையல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பிடிக்காத மெஷினை எவனாவது கொண்டுவந்து தலையில் கட்டப் பார்த்தால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். மரியாதையாக ட்ரையல் எடுப்பார்கள், பிறகு “செட் ஆகல” என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனையோ ட்ரையல் கதைகளை நான் கேட்டிருக்கிறேன், பாஸ் ஆன கதை அபூர்வம். என் நியூசிலாந்தையும் அப்படித்தான் திருப்பி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வரவில்லை என்றால் நானும் போகமாட்டேன். அது அவருக்கும் தெரியும்.

சேர்த்துவைத்திருந்த லீவில் இரண்டு வாரம் எடுத்தார், அதுவரை எங்கள் வீடுதான் நியூசிலாந்து, அந்த ஊர்ச் சட்டப்படி இங்கேயே வாழ்ந்து பார்க்கவேண்டும் என்றார். கம்பெனியில் காரணம் கேட்டதற்கு “பர்சனல்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கூடப் படித்தவருடைய தம்பி அந்த நாட்டில் இருக்கிறான். அவனிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சட்டங்களைச் சேகரித்தார். பாத்திரம் தேய்க்க ஆள் கிடையாது. ஐந்து மணிக்குக் கடையெல்லாம் மூடிவிடும். ஆறு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. சொல்லாமல் கொள்ளாமல் யாரும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. ஹாரன் அடிக்கக்கூடாது. எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு கிரில் கேட் உண்டு, அதுதான் கடற்கரை என்று முடிவானது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். போன உடனே அவருக்கு அங்கே வேலை கிடைக்காது என்பதால் சமையலும் வீட்டு வேலையும் அவர் பொறுப்பு, நான் மட்டும் டியூட்டிக்குப் போவேன், அந்த இரண்டு வாரமும் கெஞ்சிப் பகல் டியூட்டியாகவே வாங்கிக்கொண்டேன்.

இன்னொரு சட்டமும் இருந்தது. அங்கே சார், மேடம் எல்லாம் கிடையாதாம். டாக்டரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். “நீயும் என்னை பேர் சொல்லிக் கூப்பிடணும்” என்றார். நான் முடியாது என்றேன். ட்ரையல் என்றால் எல்லாவற்றையும்தான் பார்க்கவேண்டும் என்றார். சரி என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கூப்பிட்டேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டார். அதன் பிறகு அந்தச் சட்டத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முதல் நாளே பெருங்காயம் தீர்ந்துபோனது. மணி ஐந்தரை. எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே, முக்கில், பாய் மளிகைக்கடை பளபளவென்று லைட் போட்டு நிற்கிறது. ஆனால் அது மூடிவிட்டதாக நாங்கள் கருதவேண்டும். நான் ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு நின்றதை பாய் கவனித்துவிட்டார்.

“என்னா சிஸ்டர் வேணும்? மேலயே குடுத்து அனுப்பட்டா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எட்டிப் பார்த்து, “வேணாம் பாய். கடைதான் மூடிட்டீங்களே” என்றார்.

பாய் திரும்பித் தன் கடையைப் பார்த்தார். “இல்ல சார், தொறந்துதான் இருக்குது.”

“இல்ல பாய், மூடியாச்சு.”

பாய் மெதுவாக, “சரிங்க சார், மூடிட்டன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுத்தவருக்குத் துவரம்பருப்பு நிறுத்தார். பெருங்காயம் இல்லாத ரசத்தை ஆறு மணிக்குக் குடித்துவிட்டு, எட்டரை மணிக்குப் பசியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கேட்டைத் தாண்டிக் கடலில் இறங்கினாலும் சட்டம் கூடவே வரும். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அழிந்துபோன வெள்ளைக் கோடுகள் கொஞ்சம் உண்டு. அங்கே ஒரு பெரியவர் தக்காளிக் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க நின்றார். இவர் ஸ்கூட்டரை நிறுத்தி, முதலில் போங்க என்று கையைக் காட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே பயமாகிவிட்டது. பெரியவர் நகரவில்லை. “ஹோகி சார், ஹோகி” என்று கன்னடத்தில் எங்களைப் போகச் சொன்னார். “இல்ல, நீங்க போங்க” என்றார் இவர். பின்னால் ஒரு லாரியும் இரண்டு கம்பெனி பஸ்ஸும் அலற ஆரம்பித்தன. பெரியவருக்கு எங்களைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. கூடையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு எங்களிடமே வந்து, “அட்ரஸ் பேகா?” என்று, விலாசம் வேண்டுமா எனக் கேட்டார். இவர் எவ்வளவோ விளக்கினார். டிராஃபிக் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்ததும், பெரியவர் அவரிடம், ஊருக்குப் புதுசு சார், பாவம், விட்டுடுங்க என்று தமிழிலேயே சிபாரிசு செய்தார்.

சமையல் வேறு விதமாகப் போனது. முதல் இரண்டு நாள் நான் உப்பைத் தேடியே களைத்துப்போனேன். கம்பெனியில் ஸ்பேனர்களுக்குச் செய்கிற மாதிரி, ஒவ்வொரு கரண்டியையும் சுவரில் வைத்து பென்சிலால் கோடு போட்டு, ஆணி அடித்து மாட்டியிருந்தார். எந்தக் கரண்டி இடத்தில் இல்லை என்பது வாசலில் இருந்தே தெரியும். அஞ்சறைப் பெட்டி அகரவரிசைக்கு மாறியிருந்தது. சாம்பார் கொதி வந்ததும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார். “ஃபர்ஸ்ட் பீஸ். செக் பண்ணு.” நான் ஓகே சொல்லாமல் தாளிக்கமாட்டார். உப்புக் குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்று கேட்பார். குறைவு என்றால் குறைவு, அதற்கு அளவு சொல்ல நான் என்ன மெஷினா என்று எரிந்து விழுவேன்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டியூட்டி முடிந்து படியேறினால் தாளித்த வாசனை வந்தது. தட்டை எடுத்து வைத்துச் சூடாகப் போட்டு, எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து, “அப்பறம்?” என்று கேட்டார். அந்த ‘அப்பறம்’ என்பதை நான் கேட்டு எத்தனை வருஷம் ஆனது என்று யோசித்தேன். சந்தோஷமாக இருந்தேன், அசட்டுத்தனமாகச் சந்தோஷமாக இருந்தேன். அதனால் பயமும் அதிகமானது. இத்தனை நல்ல மெஷினை ‘செட் ஆகல’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் நான் என்ன செய்வேன்?

இதற்குள் தெரு தன் முடிவுக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஆம்பளை பகலில் வீட்டில் இருந்து துணி காயப்போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள். பாத்திரம் தேய்க்கிற அம்மாவை வேறு நிறுத்திவிட்டோம். சம்பளத்தைக் கொடுத்துத்தான் லீவில் அனுப்பினோம், அதை யார் கேட்டார்கள்? கடை திறந்திருப்பதே இவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பாய் வருத்தப்பட்டாராம்.

முதலில் கிளம்பியது கீழ்வீட்டு ஓனரம்மா. தெலுங்குக்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபத்தில் கன்னடம். கத்திரிக்காய்க் குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு நேராகப் படியேறிவிட்டார். “ஏம் தம்பி, தின்னாவா?” என்று பாதித் தெலுங்கில் ஆரம்பித்தவரிடம் இவர் கைகூப்பி, “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வர்றதுக்கு முந்தி ஒரு மெசேஜ் போட்டுட்டு வரணும்” என்றார். எனக்கு அவமானத்தில் மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஓனரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வேலை போன மனுஷன் என்னவும் சொல்வான் என்று பெருந்தன்மையாகக் கீழே இறங்கிப் போனார். ஒரு நிமிஷத்தில் போனில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. “தம்பி, நான் கேட் கிட்ட நிக்கறன். வரட்டா?” அந்தக் குரல் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது. இவர் “வாங்க” என்று டைப் செய்து அனுப்பினார். ஓனரம்மாவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. அதிலிருந்து தினமும் இரண்டு வேளை கேட்டருகே நின்று மெசேஜ் போட ஆரம்பித்தார். காய்ந்த துணியை எடுக்கச் சொல்வதற்குக்கூட மெசேஜ் வந்தது.

தனியாக என்னைப் பிடித்து, “ஆம்பளைய அந்த மாதிரி நேரத்துல திட்டாதம்மா. சமைக்க வேற விட்டிருக்கியே” என்றார். பாய் இன்னும் நாசூக்கு. இவரிடம், “கடைல ஒக்காரத்துக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேணும் சார். வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா ஃபேன் கீழ ஒக்காந்தா போதும்” என்றார். இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாய்க்கு வியாபாரம் டல்லாக இருக்கிறது போல என்று என்னிடம் வருத்தப்பட்டார். தெரு என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. இவர் கேட்டைக் கடல் என்கிறார் என்று விளக்குவதைவிட வேலை போய்விட்டது என்பதே கௌரவமாக இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே பைக் சத்தம். இவருடைய லைனில் வேலை செய்யும் மூன்று பேர், கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும். இத்தனை வருஷத்தில் லீவே எடுக்காத மனிதர் இரண்டு வாரம் ‘பர்சனல்’ என்று போனால் கம்பெனி என்ன நினைக்கும்? பெண்டாட்டி நர்ஸ் வேறு. ஹார்ட் ஆபரேஷன் என்று அங்கே முடிவாகியிருந்தது.

அவர்கள் கேட்டைத் தொடுவதற்குள் ஓனரம்மா குறுக்கே வந்துவிட்டார். மெசேஜ் போடாமல் மேலே போகக்கூடாது என்று தடுத்தவர், குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, “பாவம், வேலை போன கவலைல இருக்காரு” என்றார்.

“வேலை போச்சா? யாருக்கு? அவருக்கு ஹார்ட்ல ஆபரேஷன்னு இல்ல வந்தோம்?”

“ஹார்ட்டா?” ஓனரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அய்யோ ராமா, வேலையும் போயி ஹார்ட்டும் போச்சா?”

ஹார்ட் என்ற சத்தம் கேட்டு பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். வேலை போன செய்தி கேட்டு அந்த மூன்று பேரில் ஒருவன் போனை எடுத்து யூனியன்காரருக்கு அடிக்க ஆரம்பித்தான். சத்தம் கேட்டு நானும் இவரும் மேலே பால்கனிக்கு வந்தோம். அப்போது மற்றொருவன் அண்ணாந்து, “சார்” என்று கூப்பிட்டான். “சார், நீங்க இல்லாம லைனே நல்லால்ல சார். ஃபர்ஸ்ட் பீஸ் யார் பாக்கறதுன்னு டெய்லி சண்டை சார்.”

இவர் கையில் சப்பாத்திக் கட்டையோடு நின்றுகொண்டிருந்தார். சுவரில் அதன் இடம் காலியாக இருந்தது. கட்டையை எங்கேயோ வைத்துவிட்டு, கீழே ஓடிப்போய், தானே கேட்டைத் திறந்துவிட்டார். மெசேஜும் இல்லை, அனுமதியும் இல்லை, கடல் முழுக்க வீட்டுக்குள் வந்துவிட்டது. எல்லோருக்கும் டீ, எல்லோருக்கும் ஆப்பிள். இவருக்கு ஹார்ட்டும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது என்று இரண்டு கூட்டத்துக்கும் விளக்கி முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. விஷயம் நியூசிலாந்து என்று தெரிந்ததும் பாய் பெருமூச்சு விட்டு, “அப்ப என் கடை தொறந்துதான் இருக்குதுங்களா சார்?” என்று கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு ஆறு மணிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு எடுத்துவைத்தேன். இவர் உட்காரவில்லை.

“ட்ரையல் முடிஞ்சுது” என்றார்.

“என்ன, செட் ஆகலயா?” என்றேன்.

“செட் ஆச்சு. சமையல் ஓகே. ஆறு மணி சாப்பாடும் பழகிருச்சு. நீ வர்ற நேரத்துக்கு நான் இருக்கறது ரொம்பவே ஓகே. ஒண்ணு மட்டும் டெஸ்ட் பண்ணாம விட்டுட்டோம்.”

“எது?”

“பேர் சொல்லிக் கூப்பிடறது.” சுவரில் இருந்த கரண்டிகளைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அந்தப் பையன் சார்னு கூப்பிட்டானில்ல, இத்தனை நாளா லைன்ல கேக்கற அந்தச் சத்தமே இல்லாம இருந்தது அப்பதான் தெரிஞ்சுது. இங்க ஒரு லைன் முழுக்க நான் சொல்ற ஓகேக்காக நிக்கும். அங்க போனா நான் யாரு? எனக்குப் பயமா இருக்குது.”

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வாயில் பயம் என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. என் நியூசிலாந்தைக் கவிழ்க்கத் திட்டம் போடுகிறார் என்று இரண்டு வாரமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, பாவி மனுஷன், உள்ளே இதை வைத்துக்கொண்டா கரண்டிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்? அழுகை வந்தது. அழுதால் ட்ரையல் கெட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

“சாம்பார் ஆறுது சார். ஒக்காருங்க சார்” என்றேன்.

“கிண்டல் பண்ணாத.”

“கிண்டல்தான். ஆனா நிறுத்தமாட்டன். அங்க வந்தா டெய்லி கூப்பிடுவன். எனக்கு அங்க நைட் டியூட்டி கிடையாது, கூப்பிட நேரம் இருக்கும்.”

அவர் வந்து உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டார். பிறகு, “சரி, ஒரு வாரம் ட்ரையல் பாப்பம்” என்றார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, எனக்குப் புரை ஏறிவிட்டது.

இங்கே, நியூசிலாந்துக்கு வந்து, முதல் குளிர்காலம் முடிகிறது. நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அவருக்குப் பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் வேலை. முதலாளி முதல் கூட்டுகிறவர் வரை எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் வாரம் கூப்பிட்டபோதெல்லாம், பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாராம். சில நாள் முகம் வாடி வருவார். சாயந்திரம் தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. அப்போது ஓனரம்மாவின் மெசேஜ் வரும். “தம்பி, கேட் கிட்டதான் நிக்கறன். வரட்டா?” அவர் மறக்காமல் “வாங்க” என்று அனுப்புவார், அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே வைத்துக்கொண்டிருப்பார்.

நேற்றும் சாம்பார்தான். இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால் கரண்டிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கொதி வந்ததும் ஒரு கரண்டி எடுத்து, ஊதி, கீழே சிந்தாமல் கையை அண்டக் கொடுத்து என்னிடம் கொண்டுவந்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.

“ஓகே சார்” என்றேன். அவர் போய்த் தாளித்தார்.